சைக்கிளுக்கு என்ன வருத்தம்?

பெரியப்பாவின் ராலி சைக்கிள் இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுப் பின்பத்தியில், விறகுக்கும் கழற்றி வைத்த பழைய கதவொன்றுக்கும் நடுவில் நின்றது. நெடுந்தூரம் ஓடவென்றே செய்த வண்டி. மூன்று கியர் உள்ள பின் சில்லு, கனமான கரியர், தோல் சீற். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அரிசி மூட்டையும் அப்பம்மாவின் ட்ரங்குப் பெட்டியும் இதன் மேல்தான் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போயின. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த கையோடு வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. இது பத்திக்குப் போனது.

"இதை ஓட வைக்கப் போறன்" என்று நான் சொன்னதும் வீட்டில் எல்லாரும் சொன்ன வழி ஒன்றுதான்: உரசிப்போட்டுப் பெயின்ற் அடி. நானும் அரத்தாளோடு இருந்து ஒரு பின்னேரம் முழுக்க உரசினேன். பிரேமில் இருந்த பொன் கோடுகளில் பாதி போனதுதான் மிச்சம்; வண்டி ஓரடி நகரவில்லை. சந்தியில் சைக்கிள் திருத்துகிற அண்ணை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வெளியில தெரியிற கறள் ஒண்டும் செய்யாது. ஒளிச்சிருக்கிற கறளைத் தேடு."

அதனால் இந்தக் குறிப்பு பெயின்ற்றில் தொடங்காது. உங்கள் வண்டி என்ன குணம் காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்; அங்கே மட்டும் கை வையுங்கள். முழுவதையும் ஒரேநாளில் கழற்றிப் பரப்பினால் பிறகு எந்த நட்டு எங்கே என்று தேடுவதே வேலையாகும். ராலிக்காரர் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். அந்தக் கம்பனி பல இடங்களில் அங்குலத்துக்கு 26 புரி வைத்துத் தன் பாகங்களைச் செய்தது. மற்ற இங்கிலாந்து வண்டிகளின் பெடல் அச்சில் வழக்கமாக 24 புரிதான். அச்சைத் தாங்கும் பழைய கப், பழைய நட்டு எதையும் எறியாதீர்கள். கடையில் வாங்குவது கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகிப் புரியைத் தின்றுவிடும்.

பிரேமைத் தட்டினால் சத்தம் செத்திருக்கிறது

வேறு எதற்கும் காசு செலவழிக்க முன் இதைப் பாருங்கள். ஒரு நாணயத்தால் குழாய் முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணிபோலக் கிணுங்கும். உள்ளே தின்னப்பட்ட இடம் "தொப்" என்று மந்தமாகக் கேட்கும். முக்கியமாகப் பெடல் அச்சு இருக்கிற அடிக்கூடு, அதிலிருந்து பின் சில்லுக்குப் போகும் இரண்டு குழாய்கள், சீற் தண்டு இறங்கும் வாய். மழைநீர் சீற் குழாய் வழியாக இறங்கி அடிக்கூட்டில்தான் தேங்கும். எங்கள் வண்டியைக் கவிழ்த்தபோது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குச் சிவப்புக் குழம்பு வந்தது.

சந்தேகமான இடத்தை ஸ்குறூ டிறைவர் நுனியால் அழுத்துங்கள். குழிந்தால், அல்லது நுனி உள்ளே இறங்கினால், அந்த பிரேம் ஓட்டத்துக்கு உதவாது. ஒட்டு வைத்துக் காய்ச்சித் தரலாம் என்று யாராவது சொல்வார்கள்; கரியரில் பாரம் ஏற்றி ஓடுகிற வண்டிக்கு நான் அதை நம்பமாட்டேன். முன் தலைக் குழாயின் கீழ்ப்பக்கம் பெயின்ற் சுருங்கியிருக்கிறதா, மயிர்க்கோடுபோல வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்காவது மோதிய வண்டி அங்கேதான் சொல்லும்.

ஹாண்டிலும் சீற் தண்டும் அசைய மறுக்கின்றன

ஹாண்டில் சுலபம். மேலே உள்ள நீள்போல்ற்றை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு அடி. உள்ளே இறுக்கிக்கொண்டிருந்த ஆப்பு கீழே விழும் சத்தம் கேட்கும். பிறகு முன் சில்லை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைத் திருப்புங்கள்.

சீற் தண்டு பொறுமையைக் கேட்கும். நட்டைக் கழற்றி, வாயைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் விடுங்கள். மறுநாளும் விடுங்கள். பெடல் அச்சைக் கழற்றிய பிறகு வண்டியைக் கவிழ்த்து உள்பக்கத்தாலும் எண்ணெய் இறக்கலாம். பிறகு கொதிதண்ணியைக் குழாயின் வெளிப்பக்கம் மட்டும் ஊற்றுங்கள். குழாய் மெல்ல விரியும். அந்தச் சூட்டோடு, பழைய சீற் ஒன்றைப் பூட்டி இரண்டு கையாலும் இடம் வலமாக முறுக்குங்கள். மேலே இழுக்க வேண்டாம், முறுக்குவதுதான் வேலை. எங்களுடையதற்கு ஆறு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் நான் சுத்தியலால் கீழிருந்து மேலாக அடித்ததில் தண்டின் விளிம்பு மடங்கி, பிறகு அதை அரத்தால் ராவித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை "டக்"

பழைய வண்டிகளில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. அதிகம் பிழையாகத் திருத்தப்படுவதும் இதுதான். முதலில் சத்தத்தை எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் பெடல், பெடலைத் தாங்கும் கிராங், அல்லது அதன் அச்சு. சில்லு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் கம்பி அல்லது சில்லின் நடு. இடைவிடாத கரகரப்பு என்றால் அச்சைச் சுற்றியுள்ள பெயாரிங் குண்டுகள்.

இனி வண்டியை நிறுத்தி, இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக ஆட்டுங்கள். ஒன்று ஆட மற்றது சும்மா நின்றால் கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் உள்ளே குண்டுகளுக்கு இடம் கூடிவிட்டது.

கொட்டர் பின் என்பது கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் சாய்வான ஆணி. கழற்றும்போது எல்லாரும் செய்கிற தவறு, நட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுத்தியலால் அடிப்பது. பின்னின் புரி நசுங்கிக் காளான்போல விரியும்; அதற்குப் பிறகு அது துளைக்குள்ளால் வராது. சரியான முறை: நட்டை பின்னின் நுனியோடு மட்டமாக வரும்வரை தளர்த்தி அங்கேயே விடுங்கள். கிராங்கின் அடியில், கொட்டர் பின் வெளியே வரும் பக்கம், ஒரு குட்டை இரும்புக் குழாயை நிலத்திலிருந்து முட்டுக் கொடுங்கள். அப்போது அடியின் பாரம் குண்டுகளில் இறங்காது. அடிப்பதைவிட, தச்சரிடம் இருக்கும் ஜீ கிளாம்ப் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு நட்டை இடையில் வைத்து அமுக்கி எடுப்பது மேல். எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்துவிட்டு அமுக்கினால் துவக்கு வெடித்ததுபோல ஒரு சத்தத்தோடு விடும். பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவந்தே விட்டா.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். ராலிக்கு 9.5 மில்லிமீற்றர் தடிப்பு. 9 மில்லிமீற்றர்ப் பின்களும் பெட்டியில் கலந்தே கிடக்கும். சாய்வு முகத்தை அரத்தால் மெல்ல ராவி, அச்சின் வெட்டோடு முழுதாகப் பொருந்தச் செய்யுங்கள். இரண்டு பின்னும் எதிர்ப்பக்கமாக ஏற வேண்டும். கிராங்கைக் கீழே தொங்கவிட்டுப் பார்க்கும்போது ஒன்றின் நட்டு முன்னால் என்றால் மற்றது கீழே வரும்போது அதன் நட்டும் முன்னாலேயே இருக்க வேண்டும். பிழைத்தால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது; வண்டி நொண்டும்.

அச்சைத் திறந்துவிட்டால் குண்டுகளையும் மாற்றிவிடுங்கள். பக்கத்துக்கு 11, கால் அங்குலம். செயின் பக்கத்துக் கப் இடம்புரி, அதோடு வழக்கமாக மிக இறுக்கம். அதைக் கழற்றாமலே உள்ளே துடைத்துக் கிறீஸ் வைக்கலாம். இடது பெடலும் இடம்புரிதான், வழமையான பக்கம் திருப்பித் திருப்பிப் பெலத்தை விரயமாக்க வேண்டாம்.

பெடல் சுற்றுகிறது, சில்லு சும்மா நிற்கிறது

முன்னுக்கு மிதித்தாலும் பிடிமானம் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. பின் சில்லுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் பழைய எண்ணெயில் ஒட்டி, எழும்ப மாட்டாமல் படுத்திருக்கும். எங்கள் வண்டிக்கு இது வந்த கதை தனி. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இயந்திர எண்ணெய் கிடைக்காதபோது பெரியப்பா சமையலறை நல்லெண்ணெயை விட்டிருக்கிறார். அன்றைக்கு வண்டி ஓடியது, அது உண்மை. ஆனால் நல்லெண்ணெய் காற்றுப் பட்டு வருடக்கணக்கில் பிசினாகிவிடும்.

கியர் இல்லாத பிறீவீல் என்றால் மண்ணெண்ணெயை உள்ளே விட்டுச் சுற்றி வடிய விடுங்கள், கறுப்பு நீர் தெளியும்வரை. வீட்டுக்குள் செய்ய வேண்டாம். அடுப்புக்குக் கிட்டவும் வேண்டாம். எங்களுடையதுபோல ஸ்ரேமி ஆர்ச்சர் கம்பனியின் மூன்று கியர்ச் சில்லு என்றால் சில்லின் நடுவில் சின்ன மூடியோடு ஒரு எண்ணெய்த் துளை இருக்கும். அதற்குள்ளால் கொஞ்சம் மண்ணெண்ணெய், சில்லை நூறு தடவை சுற்றுதல், வடியவிடல், பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கிறீஸை அதற்குள் திணிக்காதீர்கள், நாக்குகள் திரும்பவும் படுத்துவிடும். ஏ.டபிள்யூ. என்ற அந்த மூன்று கியர் வகை 1936இல் வந்தது. தலைமுறை கடந்தும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அது கேட்பது எண்ணெய் மட்டும் என்பதே. அதன் கூட்டில் வருடமும் மாதமும் பொறித்திருக்கும். எங்களுடையதில் 62, 4; அதாவது 1962 ஏப்ரல். சைக்கிளின் வயது வீட்டில் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் மூன்றாம் கியருக்கு நடுவில் மட்டும் நழுவுகிறது என்றால் அது வேறு: கேபிள் நீளம் பிழை. கியரை இரண்டில் வையுங்கள். பின் அச்சின் வலது நட்டில் உள்ள துளை வழியாகப் பாருங்கள். கேபிளோடு இணையும் சின்னச் சங்கிலி தொடங்கும் தண்டின் தோள், அச்சின் நுனியோடு மட்டமாக நிற்க வேண்டும். கேபிள் திருகியைத் திருப்பி அதைக் கொண்டுவாருங்கள். இதைச் சரிபார்க்காமல் எழும்பி நின்று மிதிக்க வேண்டாம். திடீரென்று பிடிமானம் விட்டால் பிரேமின் மேல்பார் எங்கே அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செயின் துள்ளுகிறது

கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் மாவு. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் தூரிகை போட்டபின் அடிமட்டத்தால் அளவுங்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். 12 1/16 ஆகிவிட்டால் செயினை மாற்றுங்கள். 12 1/8 தாண்டிவிட்டால் பின் பல்லையும் சேர்த்து மாற்ற வேண்டும்; தேய்ந்த பல்லில் புதுச் செயின் இன்னும் மோசமாகத் துள்ளும். அளவு சரி, ஆனாலும் ஒரே கண்ணியில் துள்ளுகிறது என்றால் அந்தக் கண்ணி கறளால் விறைத்திருக்கிறது. பக்கவாட்டில் இரு கையாலும் வளைத்து வளைத்து இளக்குங்கள்.

பிறேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை

கறள் துப்புரவாகப் போன பிறகும் இந்த முறைப்பாடு இருந்தால் அது உங்கள் பிழையில்லை. குரோம் பூசிய இரும்பு றிம் மழையில் வழுக்கும், புதிதாக இருந்தபோதும் வழுக்கியது. றிம்மை மண்ணெண்ணெய் போகச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். ரப்பர்க் கட்டையின் பளபளத்த முகத்தை அரத்தாளில் உரசுங்கள். அதில் புதைந்திருக்கும் மணலைக் குண்டூசியால் கிண்டி எடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னரே மெல்லப் பிடித்துத் தண்ணியைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்திப் பிடிக்கப் பழகுங்கள்.

கை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

இந்த ஊரில் இது அனேகமாகப் பாரத்தின் கதை. விறகு, மண்ணெண்ணெய்க் கான், சீமெந்துப் பை, இரண்டு பிள்ளைகள் என்று சைக்கிள் சுமக்காதது இல்லை. ஒரு நூலை எடுத்துப் பின் சில்லு பூட்டும் ஒரு காதில் கட்டி, தலைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு காதில் கட்டுங்கள். சீற் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் ஓட்டத்தில் தெரியாது. அதற்கு மேல் என்றால் பின்பக்கம் வளைந்திருக்கிறது. பிரேம் நேர், ஆனாலும் இழுக்கிறது என்றால் முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க் வளைந்திருக்கிறது. அதை வீட்டில் நிமிர்த்த முயல வேண்டாம். ஒருதடவை வளைந்ததைத் திரும்ப வளைத்தால் எங்கே முறியும் என்று சொல்ல முடியாது, முறிந்தால் முகம்தான் முதலில் நிலத்தில்.

வாங்கிய ரயர் ஏறவில்லை

26 என்று கேட்டு வாங்கினீர்கள், 26 என்று எழுதியும் இருக்கிறது, ஆனாலும் ஏறாது. 26 × 1 3/8 என்பதன் உள்விட்டம் 590 மில்லிமீற்றர். 26 × 1.75 என்பது 559. இரண்டும் 26தான், ஒன்றில் மற்றது உட்காராது. பெரிய சில்லு வண்டிகளின் 28 × 1 1/2 என்றால் 635. பழைய ரயரின் பக்கத்தில் உள்ள எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சில்லு நெளிந்து ஓடுகிறது

கம்பியை றிம்மில் இறுக்கும் நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி எண்ணெய், ஒரு நாள் ஓய்வு, பிறகு கால் சுற்றுக் கால் சுற்றாக. நெளிவு இடது பக்கம் என்றால் அவ்விடத்து வலப்பக்கக் கம்பியை இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்துங்கள். கறளில் நிப்பிள் உருண்டால் அந்தக் கம்பியை வெட்டிப் புதிது போடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

டைனமோ சுற்றுகிறது, லைற் எரியவில்லை

வயர் ஒன்றுதான் போகும், திரும்பி வருவது பிரேம் வழியாக. அதனால் டைனமோப் பிடியும் லைற் பிடியும் பிரேமைத் தொடும் இடத்தில் கறளோ பெயின்ற்றோ இருந்தால் மின்சுற்று பூர்த்தியாகாது. பிடியில் உள்ள கூர்த்திருகியை வெறும் இரும்பு தெரியும்வரை இறுக்குங்கள். பல்ப் சோதிக்க 6 வோல்ற் போதும். மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. இங்கே டைனமோ திருத்தத் தெரிந்த ஒருவரையாவது ஒவ்வொரு ஒழுங்கையிலும் காணலாம்.

எல்லாம் ஓடுகிறது, பார்க்கத்தான் சகிக்கவில்லை

இப்போது கறளுக்கு வரலாம். குரோமில் புள்ளிபுள்ளியாக இருப்பதற்கு அரத்தாள் வேண்டாம். சொக்கிலேற் சுற்றி வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில் தோய்த்துத் தேயுங்கள். குரோமைவிட அது மெது, கீறாது. ஹாண்டில் பத்து நிமிடத்தில் முகம் பார்க்கும்.

நட்டு, போல்ற், கரியர்க் கம்பி போன்றவற்றுக்குச் சித்திரிக் அமிலம். ஒரு லீற்றர் தண்ணிக்கு ஐம்பது கிராம், ஓர் இரவு. குத்துவிளக்குக்கு அம்மா புளி போடுவதும் இதே வேலைதான், புளியில் இருப்பதும் அமிலம். அலுமினியப் பாகம், வில், செயின், குண்டு ஒன்றையும் இதில் போட வேண்டாம். வைரம் பாய்ந்த இரும்பு அமிலத்தில் கிடந்தால் முறியும் தன்மை பெறும். கழிப்பறைக்கு விடும் உப்பமிலத்தை நினைத்தும் பார்க்காதீர்கள். எடுத்தவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணியில் அலம்புங்கள்.

கடைசியாக அலசும் தண்ணியில்தான் நான் கோட்டை விட்டேன். எங்கள் கிணறு கொஞ்சம் உவர். காலையில் பளபளத்த கரியர் பின்னேரம் மஞ்சள் பூத்துவிட்டது. உப்பு இரும்பில் தங்கிவிட்டது. உவர்க் கிணற்று வீட்டுக்காரர், தீவுப் பகுதியார், பிடித்து வைத்த மழைத்தண்ணியால் அலசுங்கள். துடைத்து, வெயிலில் வைத்து, சூடு ஆறமுன் எண்ணெய் பூசுங்கள்.

பெயின்ற் நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தைத் தொடாதீர்கள். உரிந்த இடத்தை மட்டும் தண்ணி தொட்டு உரசுங்கள். அறுபதுகளின் பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும், காய்ந்த தூசு பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது. பூசுவதற்கு மாரி சரிவராது, ஈரம் பெயின்ற்றுக்குக் கீழே சிறைப்படும். சோளகம் வீசும் மாதங்களும் சரிவராது, முற்றத்துப் புழுதி முழுவதும் ஈரப் பெயின்ற்றில் வந்து உட்காரும். பங்குனியில் விடியற்காலைதான் எனக்கு வாய்த்தது. பொன் கோடு போன இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் ஓட்டம் பண்ணைப் பாலம் வரை. எங்களுக்கு ஏற்றம் இல்லை, எதிர்க்காற்றுத்தான் ஏற்றம். மூன்று கியரும் அங்கே வேலை செய்தன. திரும்பி வந்ததும் கொட்டர் நட்டு இரண்டும் கால் சுற்று இறுகின. கடற்காற்று பட்ட சில்லுகளை மழைத்தண்ணித் துணியால் துடைத்து வைத்தேன்.